ஒன்பதாவது டேக்

அந்தேரி கிழக்கில், டைல்ஸ் கிடங்குக்கு மேலே
மூன்றாவது மாடியில் பொங்கல்.
டிசம்பர் ஏழாம் தேதியே பொங்கிவிட்டது.
பானையை மேசையோடு ஒட்டியிருந்தார்கள்.
நுரைக்கு ஷேவிங் கிரீம்.

பரேஷ் என்கிற பையன்
இட்லிகளுக்கு கிளிசரின் தடவிக்கொண்டிருந்தான்,
பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற கவனத்தோடு.
தொடாதீங்க ஆன்ட்டி, என்றான் இந்தியில்,
இதைத் தின்ன முடியாது.
நாவல்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்?
பையில் பேனா தேடினேன்.
பிறகு கூச்சமாகிவிட்டது. காலையிலிருந்து
அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

உங்கள் நாவலில், என்று ஆரம்பித்தாள் நெறியாளர்
(பின்னட்டை மட்டும் மனப்பாடம்)
இட்லியின் இடம் என்ன?

இட்லிக்கு அதில் இடமே இல்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில்
தொண்ணூறடி ரோட்டுக் குடும்பம் ஒன்று
கடன் வாங்குகிறது, பாவ் தின்கிறது,
எழவு வீட்டில் கட்டிங் சாய் குடிக்கிறது,
ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து
காய்ந்த பொம்பிலைத் தணலில் சுட்டு
வற்றலும் புளியும் வைத்து இடிக்கிறது.
அந்த வாடையில்தான் மருமகள்
மராத்தியில் அழுவாள், நூற்று நாற்பதாம் பக்கம்.

பொம்பில் வேண்டாமே,
என்றது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.
விளம்பரம் தருவது பெருங்காயக் கம்பெனி.
முதலாளி வீட்டில் முட்டைகூட ஏறாது.

சரி, சின்ன வயது ஞாபகம் ஏதாவது?
வாழையிலை? தேங்காய்ச் சட்னி?

எங்கள் அடுப்பு மண்ணெண்ணெய், என்றேன்.
எதைச் சமைத்தாலும் முதல் ருசி அதுதான்.
ரேஷன் கோதுமையைக் களியாகக் கிண்டிப் பார்த்துத்
தோற்றாள் அம்மா. பிறகு ரொட்டி.
வட்டம் கடைசிவரை வரவே இல்லை.
அந்த ரொட்டிகளில்தான் நாங்கள் பூகோளம் படித்தோம்:
இலங்கை எனக்கு. பெரிய ஆஸ்திரேலியா
எப்போதும் அண்ணனுக்கு.

ரொம்ப அழகு, என்றாள்.
இதையே இட்லி வைத்துச் சொல்ல முடியுமா?

சொன்னேன்.
ஆவி பறக்க, கண் கலங்க,
முதல் டேக்கிலேயே நன்றாகச் சொன்னேன்.
பொய் சொல்வது என் தொழில்; ஆனால்
அதற்கு இவ்வளவு விளக்கு போட்டு நான் பார்த்ததில்லை.

பாம்... பாம்...

கட், என்றார் ஒலிப்பதிவாளர் தத்தாராம்.
வெளிச்சத்தம்.

மறுபடி ஆவி, மறுபடி கண்ணீர்.
பாம்.

எனக்குத் தெரியும் அந்த ரப்பர் ஹாரன்.
சைக்கிள் கேரியரில் அலுமினியத் தவலை,
ஹேண்டில்பாரில் சட்னி வாளி.
மூன்று மணிக்கு எழுந்து தாராவியில் அவித்தது
இங்கே கிடங்கு ஆட்களுக்கு நான்கு நான்காகக் கைமாறுகிறது.
நிகழ்ச்சியின் பெயர் ‘தமிழ்ச் சுவை’.
இட்லி விற்றுத் தீரட்டும் என்று
இருபது பேர் ஏசியில் காத்திருந்தோம்.

விரட்டிவிட்டு வரச் சொல்லிக் காவலாளியை அனுப்பினார்கள்.
போனவன் திரும்பவில்லை.

ஒன்பதாவது டேக் ஓகே.
காசோலையில் எஸ்தர் செல்வகனி என்று
ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார்கள்.
மடித்து வைத்துக்கொண்டேன்.

கீழே வந்தபோது காவலாளி மீசையில் சட்னி.
தவலையைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தவரிடம்
நாலு இட்லி இருக்குமா, என்றேன்.
கதம், என்றார். பிறகு சட்டென்று நிமிர்ந்து
ஐயோ, தீந்துபோச்சேம்மா.

எதிர்வண்டியில் தனக்கொரு வடா பாவ் சொன்னவர்
எனக்கும் ஒன்று சொன்னார்.
காசு வாங்கவில்லை.
கையில் சுட்டது. பூண்டுப்பொடி மூக்கில் ஏறியது.
தினம் இதுவா, என்றேன்.
பின்னே? விக்கிறதையேவா திங்கிறது?

எந்த ஊரும்மா நீங்க?
தாராவி.
அதுக்கு முன்னாடி?
முன்னாடியும் தாராவிதான்.

பச்சைமிளகாயைக் கடித்தபடி
கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார்.
சரி, என்றார், நம்பாமல்.